சோறு வடிக்கிற வரைக்கும்

போன மாதம் படப்பைப் பக்கம் நடந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்கு, ஓய்வு பெற்றவள் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டில் வாசிப்பதற்கு இப்போது பெற்றோரின் போனுக்கே பாடம் போகிறது, பிள்ளை படிப்பதைப் போனே கேட்டுச் சரி தப்புச் சொல்கிறது என்று திரையில் போட்டுக் காட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது. டீ குடிக்க வெளியே வந்தபோது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமான ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க காலத்துல போனும் கிடையாது, பாதி வீட்ல அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. அப்போ வீட்ல பிள்ளைக்கு யார் மேடம் சொல்லிக்குடுப்பாங்க?" என்று கேட்டாள்.

யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்றேன். மரியாதைக்குத் தலையாட்டினாள், நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். பதில் பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறேன். எழுத எழுத அது பதிலாக மட்டும் இருக்காது என்று இப்போதே தோன்றுகிறது.

நான் மணிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஆசிரியர் பயிற்சியை இரண்டு வருடம் விடுதியில் தங்கி முடித்தேன். அங்கே படித்த குழந்தை உளவியலில் இன்று ஒரு வரிகூட நினைவில்லை. கரும்பலகையில் கோணாமல் எழுதுவது மட்டும் கையில் நின்றது. கல்யாணமாகி, நான்சி பிறந்து, அவள் தவழும்போது வேலை உத்தரவு வந்தது. வடக்குப்பட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளி. ஊரின் பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். படப்பையில் ஒரு பஸ் மாறி ஒரகடத்தில் இறங்கி, ஏரிக்கரையோடு இருபது நிமிடம் நடக்க வேண்டும். மூன்று ஆசிரியர்கள், இரண்டு அறை, ஒரு புங்க மரம். மூன்றாவது வகுப்பு அந்த மரத்தடியில் நடக்கும்.

தலைமை ஆசிரியையின் பெயர் குணசுந்தரி. பிள்ளைகள், பெற்றோர், நாங்கள் எல்லாருமே பெரிய டீச்சர் என்றுதான் சொல்வோம். ஒல்லியான உருவம், சன்னமான குரல். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பதில் வரும்வரை அடுத்த வார்த்தை பேச மாட்டார். அந்த மௌனத்தில் நான் பலமுறை வியர்த்திருக்கிறேன்.

அவர் வைத்திருந்த ஒரு விதி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாதது. ஒவ்வொரு ஆசிரியையும், படிப்பில் பின்தங்கிய மூன்று பிள்ளைகளின் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாளாவது போக வேண்டும். பாடம் நடத்த அல்ல. வீட்டில் யாராவது ஒருவரை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைக்க.

சேர்ந்த புதிதில் என்னை அவரே கூட்டிக்கொண்டு போனார். வீடு நெருங்கும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டார். ஏன் என்று கேட்டேன். "நாம மணி பாத்தா, அவங்க நம்மள சீக்கிரம் அனுப்பிடணும்னு அவசரப்படுவாங்க" என்றார். போனதும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். காலனி வீடுகளில் அந்தக் காலத்தில் ஊர்க்காரர்கள் தண்ணீர் வாங்கிக் குடிப்பது வழக்கமில்லை. ஊருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த அவர், டம்ளரைத் தூக்கி ஊற்றிக்கொள்ளாமல் உதட்டில் வைத்து நிதானமாகக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதன்பிறகு அந்த வீட்டில் எதையும் பேசலாம்.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். பெண்கள் வேலைக்காட்டிலிருந்து திரும்பி அடுப்பு மூட்டுவது சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. உலையில் அரிசியைப் போட்டதிலிருந்து சோறு வடிக்கிற வரைக்கும் அம்மா எப்படியும் அடுப்பை விட்டு நகர முடியாது. அந்த நேரம்தான் படிக்கும் நேரம். அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடாது. பிள்ளை அம்மாவுக்கு எதிரில் உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும். புத்தகம் பிள்ளையின் மடியில் இருக்க வேண்டும், அம்மாவின் கைக்குப் போகக் கூடாது. படத்தை அம்மா உள்ளங்கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். ஈர்க்குச்சி ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒரு சொல்லைத் தொட்டு ஒரு சொல் சொல்ல வைக்க வேண்டும். பிள்ளை நின்றுவிட்டால் நிற்கட்டும். திட்டவோ அவசரப்படுத்தவோ கூடாது. பிள்ளை முன்னே போனதும் கேட்க வேண்டியது, "சரியா படிச்சியா?" என்பதல்ல. "அப்புறம் இன்னா?" என்பது.

"படிக்கத் தெரிஞ்ச அம்மாவைவிட தெரியாத அம்மா நல்லது மேரி. அவங்களால குறுக்க பேச முடியாது" என்றார் பெரிய டீச்சர். அது வேடிக்கைக்குச் சொன்னது என்று நினைத்தேன்.

இனி தேவியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1991. அந்த வருடம் ஜூனில் பள்ளி திறந்தபோது எனக்கு இரண்டாம் வகுப்பு. மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் பகுதியின் பெயர் வராத பேப்பர் இல்லை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் காகிதத்தில்கூட அந்தப் பெயர் இருக்கும். தேவிக்கு ஆறு முடிந்து ஏழு. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, முன்பல் இரண்டு இல்லை. எழுந்து நின்றால் பாடத்தை மடமடவென்று படிப்பாள். நான் அவளை நன்றாகப் படிக்கும் வரிசையில் உட்கார வைத்து, மற்ற பிள்ளைகளுக்கு அவளைக் காட்டிக் காட்டிப் பேசுவேன்.

ஆகஸ்டில் ஒரு நாள் பெரிய டீச்சர் என் வகுப்புக்கு வந்து பின்னால் உட்கார்ந்தார். தேவி படித்தாள். முடித்ததும் பெரிய டீச்சர் எழுந்து வந்து, "இதே வரியைக் கடைசிச் சொல்லுலேருந்து படி கண்ணு" என்றார். தேவி புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெரிய டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படத்தைக் கையால் மூடி ஒரே ஒரு சொல்லைக் காட்டினார். தேவி முதல் வரியை முழுதாக ஒப்பித்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு சொல்கூடப் படிக்கத் தெரியாது. மற்ற பிள்ளைகள் படிப்பதைக் காதால் வாங்கி, முழுப் புத்தகத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். மூன்று மாதமாக நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

பெரிய டீச்சர் எல்லார் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டின்போது, "நல்ல ஞாபகசக்தி. அதுதான் அவளுக்கு எதிரி" என்றார். சற்றுப் பொறுத்து, "வீட்டுக்குப் போய்ப் பாரு" என்றார்.

தேவியின் அம்மா அஞ்சலைக்கு என் வயதுதான் இருக்கும். இருபத்தாறு, இருபத்தேழு. நாற்று நடவு, களையெடுப்பு, கடலைக்காய் பறிப்பு என்று கிடைத்த வேலைக்குப் போவாள். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. வீட்டுக்காரர் ஏழுமலை நெடுஞ்சாலையில் புதிதாக வந்திருந்த கம்பெனி ஒன்றில் லோடு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தார். தொகுப்பு வீடு, முன்பக்கம் ஓலைச் சார்ப்பு, அதற்குள் அடுப்பு. நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

அஞ்சலை நம்பவில்லை. "அது புக்கு முழுசும் சொல்லுதே டீச்சர்" என்றாள். நான் விளக்கியதும் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றேன். "எனக்கு ஒரு எழுத்து தெரியாது. நான் பக்கத்துல குந்திகினு இன்னா பண்றது? நான் குந்தினா இருக்கறதும் கெட்டுப்பூடும்" என்றாள். தெரியாததுதான் நல்லது என்று பெரிய டீச்சர் சொன்னதைச் சொன்னேன். கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டாள்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்திருந்த ஏழுமலை சைக்கிளைத் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தாமல்தான் சொன்னார்: "படிப்பு ஏறலன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் இன்னாத்துக்கு டீச்சர் ஸ்கூலு? வூட்ல இருந்தா சின்னதைப் பாத்துக்கும். இவளும் கொழந்தைய இடுப்புல வச்சிக்கினு வேலைக்குப் போவத் தேவல."

உண்மையைச் சொல்லப் போன நானே அந்தப் பெண்ணின் படிப்பை நிறுத்தக் காரணம் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் டைம் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். பொங்கல் வரைக்கும் பார்க்கலாம் என்றார். பொங்கலுக்குள் இந்தக் குழந்தை அவர் கண் முன்னால் படித்தாக வேண்டும். ஏறக்குறைய ஐந்து மாதம் இருந்தது.

மற்ற இரண்டு வீடுகளுக்கு வாரத்தில் மூன்று நாள் போனேன். அஞ்சலை வீட்டுக்குத் தினமும் போனேன்.

முதல் வாரங்கள் சங்கடமாகவே போயின. அஞ்சலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, புகைப்படம் எடுக்க உட்கார்ந்தவள் மாதிரி விறைப்பாக இருப்பாள். தேவி படத்தை மறைக்கும் கையை விலக்கி விலக்கிப் பார்ப்பாள். குழந்தை அழும். அரிசி கொதிக்கும். நான் சும்மா இருக்க முடியாமல் எழுத்தைச் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வேன். தேவி என் வாயையே பார்க்கக் கற்றுக்கொண்டாள், புத்தகத்தைப் பார்க்கவில்லை. அதனால் நான் சார்ப்புக்கு வெளியே, அம்மிக்கல் பக்கமாகப் போய் உட்கார ஆரம்பித்தேன்.

அப்படி உட்கார்ந்த ஒரு நாள் அஞ்சலை உள்ளிருந்து கூப்பிட்டாள். போனேன். புத்தகத்தின் இரண்டு இடத்தை ஈர்க்குச்சியால் தொட்டுக் காட்டினாள்.

"இங்க பாருங்க டீச்சர். இதுவும் இதுவும் ஒரே மாதிரிதான கீது? அங்க மாடுன்னு சொல்லுச்சு. இங்க எருமைன்னு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய்யி."

இரண்டு இடத்திலும் மாடு என்றுதான் இருந்தது. இரண்டாவது பக்கத்துப் படத்தில் கறுப்பாக ஒரு எருமை. தேவி விரலிடுக்கு வழியாகப் படத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். ஒரு எழுத்தும் தெரியாத அஞ்சலை, துணைக்காலையும் சுழியையும் வைத்து இரண்டும் ஒன்று என்று பிடித்துவிட்டாள். தேவி முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். அஞ்சலை திட்டவில்லை. "பரவால்ல. எது நெசம்னு நீயே பாத்து சொல்லு" என்றாள். அவளுக்குத் தெரியாது, அதனால் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் காத்திருந்தாள். தேவிக்கும் அது புரிந்தது. அம்மா சோதிக்கவில்லை, கேட்கிறாள். குனிந்து ஈர்க்குச்சியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். "மா" என்றாள். அன்று அவ்வளவுதான்.

மறுநாள் இதைப் பெரிய டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வழக்கம்போலத் தரையைப் பார்த்தார். "அந்தம்மாவுக்கு நல்ல கண்ணு" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

அந்த மாதங்களில் என் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வடித்த சோற்றை நிமிர்த்தும்வரை இருந்துவிட்டுக் கிளம்பினால் ஏழு மணி பஸ். வீடு சேர எட்டாகிவிடும். என் கணவருக்குக் குரோம்பேட்டைப் பக்கம் வேலை, பாதி நாள் இரண்டாவது ஷிப்ட். நான்சிக்கு ஐந்து வயது. பள்ளி விட்டதும் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காவிடம்தான் இருப்பாள். நான் போய்க் கூப்பிடும்போது சாப்பிட்டு முடித்து, தூக்கக் கலக்கத்தில் என் தோளில் சாய்வாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். ஞாயிறு வந்தால் கோயில், துணி, மாவு. இன்னும் சின்னப் பெண்தானே, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

டிசம்பர் வந்தது. தேவி எழுத்துகளைக் கண்டுபிடிக்க ஆரம்பித்திருந்தாள், ஆனால் சேர்க்க வரவில்லை. 'ப', 'ட', 'ம்' என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு, 'கடை' என்பாள். அரையாண்டுத் தேர்வில் என்ன மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அஞ்சலைக்கு மட்டும் பதற்றமே இல்லை. உலை வைப்பாள், குந்துவாள், "அப்புறம் இன்னா?" என்பாள். களை எடுத்துச் சேறு காயாத காலோடு அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று ஏழுமலை வேலை முடிந்து வரும்போது பக்கோடா வாங்கி வந்திருந்தார். நான் அங்கேதான் இருந்தேன். பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, எண்ணெய்க் காகிதத்தை நீவித் தேவியின் மடியில் வைத்தார்.

"இன்னா போட்டுக்கீதுன்னு அப்பாவுக்குப் படி" என்றார்.

தேவி ஒரே மூச்சில், "ஸ்ரீபெரும்புதூர்" என்றாள்.

ஏழுமலையின் முகம் மலர்ந்துவிட்டது. அவருக்கும் அந்தப் பெயரின் உருவம் தெரியும். அவ்வளவு பெரிய சொல்லை இப்படிச் சொல்கிறதே என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்தேன். என் மனசாட்சிக்கு விஷயம் தெரியும். அந்த வருடம் எழுத்தே தெரியாத பிள்ளைகள்கூட அந்தச் சொல்லைப் பேப்பரில் பார்த்தால் அடையாளம் சொல்வார்கள். ஆனால் அது போதும், பெண்ணின் படிப்பு தப்பித்தது, வாயை மூடிக்கொள்வோம் என்று நினைத்தேன். ஆசிரியை என்று சொல்லிக்கொள்ளும் நான் அப்படித்தான் நினைத்தேன்.

அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலை திரும்பினாள்.

"அது படிக்கல. அந்தப் பேரு எல்லாப் பேப்பர்லயும் வருது, அதுக்கு மொகம் தெரியும். இதப் படிக்கச் சொல்லு" என்று கீழே இருந்த வேறொரு தலைப்பை ஈர்க்குச்சியால் தொட்டாள்.

ஏழுமலையின் சிரிப்பு நின்றது. தேவி குனிந்தாள். நான் எழுத்தைப் பார்த்தேன்: தண்ணீர் லாரி கவிழ்ந்தது. முதல் எழுத்தை உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. தேவி என் பக்கம் திரும்பவில்லை. அம்மாவின் தோளில் தோள் பட உட்கார்ந்து ஈர்க்குச்சியையே பார்த்தாள். ஏழுமலை பீடியைப் பற்றவைத்தார், அணைந்தது, மறுபடியும் பற்றவைத்தார். "விடு, நேரம் ஆவுது" என்றார். அஞ்சலை கையை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினாள். சோறு வடிக்கும் பதம் தாண்டிவிட்டது. பொங்கி வழிந்து அடுப்பில் புஸ்ஸென்றது. அவள் எழவில்லை. முதல் முறையாக அவள் அந்த விதியை மீறினாள்.

"த" என்றாள் தேவி. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. "ண்... ணீ." குச்சி நகர்ந்தது. "ர்." மறுபடியும் முதலிலிருந்து தொட்டுக்கொண்டு வந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சட்டென்று நிமிர்ந்து, "தண்ணீர்" என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏம்மா, தண்ணிதான அது? எதுக்கு தண்ணீர்னு இஸ்துப் போட்டுக்கீறாங்க?"

அந்த வீட்டில் யாரும் தண்ணீர் என்று சொன்னதில்லை. அந்தத் தெருவிலேயே சொல்வதில்லை. அது காதால் வாங்கிய சொல் அல்ல. காகிதத்திலிருந்து எடுத்த சொல். அஞ்சலை என்னைக் காட்டினாள். "டீச்சரக் கேளு" என்றாள். எழுதும்போது அப்படித்தான் எழுதுவோம் என்றேன்.

ஏழுமலை எழுந்து வெளியே போய்ச் சைக்கிள் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே பார்க்காமலே, "போட்டும். ஸ்கூலுக்கே போட்டும்" என்றார். அன்று அந்த வீட்டில் சோறு குழைந்துவிட்டது. எனக்கும் ஒரு தட்டில் போட்டாள். ஊறுகாயோடு சாப்பிட்டேன்.

ஏரிக்கரையில் அன்று நான் ஓடாத குறை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. வீட்டுக்குப் போய் நான்சியை மடியில் போட்டுக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும், பொங்கல் விடுமுறையிலேயே அவளுக்கும் ஆரம்பித்துவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

ரோஸ்லின் அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தது. நான்சி தரையில் குப்புறப் படுத்து ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இடமிருந்து வலமாகப் போய், அடுத்த வரிக்குத் தாவியது. இத்தனை பிள்ளைகளின் கண்ணைப் பார்த்தவள் நான்; அந்த அசைவு எனக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே நின்றேன்.

"இவ எப்போலேருந்துக்கா படிக்கிறா?"

"ரெண்டு மாசம் ஆவும் மேரி" என்றார் ரோஸ்லின் அக்கா, வெங்காயத்தை உரித்துக்கொண்டே. "நானா ஒண்ணும் சொல்லிக்குடுக்கல. மாவு பாக்கெட்டு, காலண்டரு, எதையாவது எடுத்துகினு வந்து இது இன்னா இது இன்னான்னு கேக்கும். சொல்லுவேன். ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

நான்சியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டு என்றேன். அவள் பத்திரிகையை மடித்துவிட்டாள்.

"மனசுக்குள்ளயே படிச்சிட்டேம்மா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அன்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது எட்டு அடி தூரம் எட்டு மைல் மாதிரி இருந்தது.

மறுநாள் பள்ளியில் பெரிய டீச்சரிடம் தேவி படித்துவிட்டாள் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். சந்தோஷ அழுகை அல்ல என்று அவர் கண்டுகொண்டார். ஏன் என்று கேட்டுவிட்டு, தரையைப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாளைலேருந்து நாலேமுக்கால் பஸ்ஸுக்குப் போ" என்றார். "அந்த மூணு வீட்டையும் நான் பாத்துக்கறேன்."

அந்தக் கல்வி ஆண்டு முடியும்வரை, தன் மூன்று வீடுகளோடு என் மூன்றையும் சேர்த்து அவர் நடந்தார். ஐம்பத்தைந்து வயது. முழங்கால் வலிக்குத் துணி சுற்றிக்கொண்டு ஏரிக்கரையில் அவர் போவதை நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது பார்ப்பேன். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. என்னையும் பேச விட்டதில்லை.

நான் சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். நான்சி என்னிடம் படிக்க மாட்டேன் என்றாள். வற்புறுத்தினால் இரண்டு வரி படிப்பாள். ஒரு எழுத்தைத் தப்பாகச் சொன்னால் என் வாய் தானாகத் திறந்து திருத்திவிடும். உடனே புத்தகம் மூடிக்கொள்ளும். ஊரார் பிள்ளைக்கெல்லாம் பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டு என் பிள்ளையிடம் ஐந்து விநாடி பொறுக்க என்னால் முடியவில்லை. ஒரு நாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன், அவள் பின்னால் படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமல், எனக்குக் கை வேலையாக இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லு என்றேன். என் கண்ணுக்குப் பக்கம் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்ததும் படித்தாள். தப்பும் சரியுமாக, என் முதுகைப் பார்த்துப் படித்தாள். "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். முகத்தைப் பார்க்கத் துடிக்கும். பார்த்தால் நிறுத்திவிடுவாள் என்று பயந்து, ஆய்ந்த கொத்தமல்லியையே மறுபடி ஆய்வேன்.

அப்படி ஒரு கோடைக்காலம் கிடைத்தது எனக்கு. ஜூனில் அவள் மறுபடி மனசுக்குள்ளேயே படிக்க ஆரம்பித்துவிட்டாள். அது வளர்ச்சிதான், அதற்காகத்தான் படிக்கவே கற்றுக்கொடுக்கிறோம். இப்போது அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். நீ முதல் முதலாகத் தானாகப் படித்த சொல் எது என்று ஒருமுறை போனில் கேட்டேன். யாருக்கும்மா அதெல்லாம் ஞாபகம் இருக்கும் என்றாள். ரோஸ்லின் அக்கா உயிரோடு இருந்தபோது அவரிடமும் கேட்டேன். அரிசி மாவு பாக்கெட்டாக இருக்கலாம், காலண்டராக இருக்கலாம் என்றார். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகள் முதல் சொல்லைப் படித்த முகத்தை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு முகத்தைப் பார்க்கவில்லை. சில நாள் சும்மா இருக்கும்போது அந்தச் சாயங்காலத்தை நானே இட்டுக்கட்டிப் பார்ப்பேன். ரோஸ்லின் அக்கா வீட்டுத் தரை, வெங்காய வாசனை, நான்சியின் குனிந்த தலை. சொல் மட்டும் வராது.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்தது. பெரிய டீச்சர் ஓய்வு பெற்ற சில வருடங்களில் காலமானார். தேவி பன்னிரண்டாவது வரை படித்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பொருள்களைச் சோதித்து எழுதி வைக்கும் பிரிவில் வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். நீலச் சீருடைச் சேலை, கழுத்தில் அட்டை தொங்க ஒரு பெண்மணி வந்து என் கையைப் பிடித்தாள். அஞ்சலை. தலை நரைத்திருந்தது, அந்தக் கண் அப்படியே இருந்தது. கம்பெனிகளில் துப்புரவு வேலை, கான்ட்ராக்ட்டுக்காரர் எங்கே அனுப்புகிறாரோ அங்கே போகிறாள். ஏழுமலை போய் நாலு வருடம். தேவியின் மகள் இரண்டாம் வகுப்பு. தேவி அவளை அடுப்பு மேடை பக்கத்தில் உட்கார வைத்துத்தான் படிக்க வைக்கிறாள் என்று சிரித்தாள்.

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அவளைப் படிக்க வைத்தது நான் இல்லை, நீதான் அஞ்சலை என்று சொன்னேன். பல கூட்டங்களில் அவள் பெயரைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்லியிருக்கிறேன் என்றும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ எனக்கும் கத்துக்கணும்னு ஆசையாத்தான் இருந்துச்சி டீச்சர்" என்றாள். "மாடு தெரியும், படம் தெரியும், இன்னும் கொஞ்சம் தெரியும். எனக்கும் சொல்லிக்குடுக்கறேன்னு நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன். அப்புறம் நீங்க வர்றது நின்னுபோச்சி. பெரிய டீச்சர்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சி."

குறையாகச் சொல்லவில்லை. எப்போதோ நடந்ததைப் பேசும் சாதாரணக் குரல்தான். ஐந்து மாதம் தினமும் அந்த அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். துணைக்காலையும் சுழியையும் வைத்து இரண்டு சொல்லும் ஒன்று என்று அவள் கண்டுபிடித்தபோது, படிப்பு அவளுக்குள்ளும் ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளை நான் பிள்ளைக்குப் பக்கத்தில் போட்ட பலகையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சொல்லிக்கொடுக்கட்டுமா, ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன் என்றேன். என் குரலில் இருந்த அவசரம் எனக்கே கேட்டது.

"இப்போ இன்னாத்துக்கு டீச்சர்" என்று சிரித்தாள். "போன்ல எல்லாம் பேசிக்கிது. கண்ணும் தெரியல."

அதற்குள் ஆட்டோ வந்து நின்றது. முன்கண்ணாடியில் வல்லம் என்று சிவப்பாக, பெரிதாக எழுதியிருந்தது. அன்றுதான் அவளை அந்தப் பக்கத்துக் கம்பெனிக்கு மாற்றியிருந்தார்களாம். அஞ்சலை என் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். எழுத்தை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, "வல்லம் போவுமாப்பா?" என்று டிரைவரைக் கேட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.